துடிப்பை நிறுத்தும் உப்பு

திறந்த இதய அறுவைச் சிகிச்சையின் அடிப்படையிலேயே ஒரு முரண் இருக்கிறது. பழுதான வால்வை மாற்றவோ, அறைகளுக்கு இடையிலுள்ள துளையை அடைக்கவோ, இரண்டு மில்லிமீட்டர் விட்டமே உள்ள கரோனரி தமனியில் புதிய குழாயைத் தைத்து இணைக்கவோ வேண்டுமானால், இதயம் அசையாமலும் உள்ளே இரத்தமின்றியும் அறுவை மருத்துவரின் கைக்கு முன்னால் கிடக்க வேண்டும். ஆனால் அவ்வாறு கிடக்கும் இதயம் வேறு எந்தச் சூழலிலும் செத்துக்கொண்டிருக்கும் இதயமே. இதய–நுரையீரல் இயந்திரம் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் இரத்தம் அனுப்பி உடலைக் காக்கிறது. இதயத்துக்கு இரத்தம் தரும் கரோனரி தமனிகளோ பெருந்தமனி புறப்படும் இடத்திலேயே கிளைத்துவிடுகின்றன. ஆகவே அந்த இடத்துக்குச் சற்று மேலே பெருந்தமனியின் குறுக்கே கிளாம்ப் போடப்பட்டதும், உடல் முழுவதும் பாயும் இரத்தம் இதயத்தை மட்டும் எட்டுவதில்லை.

இந்த முரணுக்கு விடை தேடிய முயற்சிகளே இதயத் தசைப் பாதுகாப்பு என்ற தனித்துறையாக வளர்ந்தன. அறுவை அரங்கின் வாசலில் காத்திருக்கும் உறவினர்கள், வால்வு சரியாகப் பொருந்தியதா, எத்தனை அடைப்புகளுக்கு பைபாஸ் செய்தார்கள் என்று கேட்பார்கள்; தசையை எப்படிக் காத்தார்கள் என்று கேட்பவர் அரிது. ஆனால் வால்வு எவ்வளவு நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தாலும், அதன் வழியே இரத்தத்தைத் தள்ள வேண்டிய தசை சோர்ந்துவிட்டால் நோயாளி பிழைப்பதில்லை என்பதை, 1950-களிலும் 60-களிலும் பல உயிர்களைப் பறிகொடுத்தே மருத்துவ உலகம் தெரிந்துகொண்டது. அந்தக் காலத்திலிருந்து இன்றுவரையிலான வரலாற்றைத் தொடர்ந்து வாசிப்பவருக்கு ஒன்று தெளிவாகப் புலப்படும்: இங்கே வெற்றியையும் தோல்வியையும் தீர்மானித்தவை புதிய மருந்துகளைவிட அளவுகளே. எவ்வளவு உப்பு, எவ்வளவு குளிர், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்ற கேள்விகளுக்குச் சரியான விடை கிடைத்தபோதுதான் தசை பிழைத்தது.

முதலில் இதயத்தின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள இந்தத் தசை, ஓய்வு நேரத்திலும் நிமிடத்துக்கு 100 கிராமுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. உடலின் மற்றப் பகுதிகள் தம்மிடம் வரும் இரத்தத்திலிருந்து சராசரியாகக் கால் பங்கு ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும்போது, இதயம் ஓய்விலேயே 70 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. எனவே தேவை கூடும்போது அதே இரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் வசதி இதயத்துக்கு அநேகமாக இல்லை. இரத்த ஓட்டமே கூட வேண்டும். அதிலும் இடது கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் நாளங்களைத் தானே நெரித்துக்கொள்வதால், விரியும் வேளையில்தான் பெரும்பாலான இரத்தத்தைப் பெறுகிறது. சுவரின் உட்புற அடுக்கு இந்த நெரிப்புக்கு அதிகமாக ஆளாவதால், தட்டுப்பாடு வரும்போது முதலில் அடிபடுவதும் அதுவே. உயர் இரத்த அழுத்தத்தாலோ பெருந்தமனி வால்வு சுருங்கிப்போனதாலோ சுவர் தடித்த இதயங்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

கிளாம்ப் போட்டபின் எதுவும் செய்யாமல் விட்டால் தசைக்குள் என்ன நடக்கும்? செல்லின் எல்லா வேலைகளுக்கும் ஆற்றல் தரும் மூலக்கூறு ஏடிபி. அதன் கையிருப்பு சில நொடிகளுக்கே போதுமானது. மைட்டோகாண்ட்ரியா எனும் செல்லின் ஆற்றல் கூடங்கள் ஆக்சிஜனைக் கொண்டு இடைவிடாமல் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்சிஜன் நின்றதும் தசை சர்க்கரையை அரைகுறையாகச் சிதைத்துச் சிறிதளவு ஏடிபியைத் தேடிக்கொள்கிறது. அதன் விளைவாக லாக்டிக் அமிலமும் ஹைட்ரஜன் அயனிகளும் செல்லுக்குள் தேங்குகின்றன. அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற முயலும் செல், அதற்கு மாற்றாகச் சோடியத்தை உள்ளே விடுகிறது. சோடியத்தை வெளியே இறைக்க வேண்டிய புரதப் பம்ப்புக்கோ ஏடிபி கிடைப்பதில்லை. தேங்கிய சோடியத்தைக் குறைக்க வேறொரு பரிமாற்றப் புரதம் முற்படும்போது, சோடியம் வெளியேறும் வழியிலேயே கால்சியம் உள்ளே நுழைகிறது. கால்சியம் என்பது தசைக்குச் சுருங்கச் சொல்லும் கட்டளை. சுருங்கிய தசை இழைகள் மீண்டும் விலகுவதற்கு ஏடிபி தேவை. கட்டளை மட்டும் நிறைந்து, விலகும் ஆற்றல் இல்லாமற்போனால், தசை சுருங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். உடல் வெப்பநிலையில் இரத்தமில்லாமல் விடப்பட்ட தசையில் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குப் பிறகு மீளாச் சேதம் தொடங்கிவிடுகிறது. வால்வு மாற்றம் போன்ற அறுவைக்கோ ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தேவைப்படுகிறது.

இத்துடன் துன்பம் முடிவதில்லை. கிளாம்பை எடுத்து இரத்தத்தை மீண்டும் விடும் கணத்திலேயே இரண்டாம் தாக்குதல் நிகழ்கிறது. திடீரென வந்துசேரும் ஆக்சிஜனிலிருந்து தீவிர வினைத்திறன் கொண்ட சிதைப்பு மூலக்கூறுகள் தோன்றுகின்றன; அமிலத்தன்மை விரைவாக நீங்கும்போது கால்சியம் இன்னும் வெள்ளமாகப் புகுகிறது; மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் பெருந்துளைகள் திறந்து, அதுவரை பிழைத்திருந்த செல்களும் அழிகின்றன. மருத்துவ நூல்கள் இதை மீள்ஓட்டச் சேதம் என்கின்றன. செல்கள் சாகாமல் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வேலை செய்யாமல் துவண்டு கிடக்கும் நிலையும் உண்டு. 1982-இல் பிரான்வால்டும் குளோனரும் இதைத் தனி நிலையாக வரையறுத்துக் காட்டினார்கள். அறுவைக்குப் பின் முதல் இரவில் இதயம் சோர்ந்திருந்து, பின்னர் படிப்படியாகத் தேறிவரும் நோயாளிகளின் நிலையை விளக்குவதற்கு இந்த வரையறை பெரிதும் உதவியது.

தொடக்ககால அறுவை மருத்துவர்கள் இவற்றில் எதையும் இவ்வளவு விளக்கமாக அறிந்திருக்க வாய்ப்பில்லை. டொரண்டோவில் பிகலோ நாய்களின் உடலைக் குளிர்வித்துச் செய்த ஆய்வுகளை 1950-இல் வெளியிட்டார்; 1952 செப்டம்பரில் மினசோட்டாவில் ஜான் லூயிஸ் ஒரு சிறுமியின் உடலைக் குளிர்வித்து, சில நிமிடங்களுக்குள் அவளது மேலறைத் துளையைத் தைத்து மூடினார். 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், தாம் பல ஆண்டுகளாக உருவாக்கிவந்த இதய–நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு இன்னோர் இளம்பெண்ணின் துளையை மூடி வெற்றி கண்டார். உடலைக் காக்கும் வழி கிடைத்துவிட்டதால், அறுவைக்கான நேரம் நிமிடங்களிலிருந்து மணிகளுக்கு நீளும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருந்தால் நுட்பமான தையல் இயலாது. கரோனரி நாளங்களிலிருந்து திரும்பும் இரத்தம் பார்வையை மறைக்கும். இடப்புற அறைகளைத் திறந்தால் காற்றுக் குமிழ்கள் மூளைக்குப் போகும் அபாயமும் உண்டு. இதயத்தை வேண்டும்போது நிறுத்தி, வேண்டும்போது தொடங்கும் வழி ஒன்று தேவைப்பட்டது.

அந்த வழியை 1955-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த டெனிஸ் மெல்ரோஸும் அவருடைய தோழர்களும் முன்வைத்தார்கள். பொட்டாசியம் மிகுந்தால் இதயம் விரிந்த நிலையில் நின்றுவிடும் என்பதை 1880-களிலேயே சிட்னி ரிங்கர் தவளை இதயங்களில் காட்டியிருந்தார். மெல்ரோஸ் குழுவினர் பொட்டாசியம் சிட்ரேட்டை இரத்தத்தில் கலந்து, கிளாம்ப் போடப்பட்ட பெருந்தமனியின் அடிப்பகுதியில் செலுத்தினார்கள். விலங்குகளின் இதயங்கள் நின்றன. இரத்தம் மீண்டும் பாய்ந்ததும் துடிக்கத் தொடங்கின. மறு ஆண்டே கிளீவ்லாந்து மருத்துவமனை இந்த முறையை நோயாளிகளிடம் பயன்படுத்தியது. அறுவை மருத்துவர்களின் கனவு நிறைவேறியதுபோலத் தோன்றிய காலம் அது.

அந்தக் கனவு ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை. 1960-ஐ ஒட்டி, இந்தக் கரைசலைப் பெற்ற இதயங்களில் திட்டுத்திட்டாகத் தசை செத்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மெல்ரோஸ் பயன்படுத்திய பொட்டாசியத்தின் செறிவு, இதயத்தை நிறுத்தத் தேவையானதைவிடப் பன்மடங்கு கூடுதலாக இருந்தது. உடன் சேர்ந்த சிட்ரேட், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிணைத்து எடுத்துவிட்டது. உண்மையில் பிழை அளவிலும் துணைப்பொருளிலும்தான் இருந்தது. ஆனால் மருத்துவர்களோ பொட்டாசியத்தால் இதயத்தை நிறுத்தும் எண்ணத்தையே குற்றவாளியாக்கி, பத்தாண்டுக்கும் மேலாக ஒதுக்கிவைத்தார்கள். மருத்துவ வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க இடைவெளிகளுள் இதுவும் ஒன்று. தோல்வியடைந்தது எது, கருத்தா கலவையா என்று பிரித்துப் பார்க்கும் சோதனைகளை அப்போதே செய்திருந்தால், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அறுவை மேசையில் இறந்த பலர் பிழைத்திருக்கக்கூடும்.

அந்த இடைவெளியில் என்னென்ன செய்தார்கள்? ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே, இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் குளிர்ந்த உப்புநீரை ஊற்றித் தசையை வெளியிலிருந்து குளிர்விக்கும் முறையைக் கையாண்டார். இதய மாற்று அறுவைக்கு வழி திறந்த அவரது ஆய்வுகளுக்கும் இந்தக் குளிர்விப்பே துணைநின்றது. வேறு சிலர் கிளாம்பைச் சில நிமிடங்கள் போட்டும் எடுத்தும் மாறி மாறி வேலை செய்தார்கள். இன்னும் சிலர் இதயத்தை மின்தூண்டலால் ஒழுங்கற்ற நடுக்கத்துக்குள்ளாக்கி, அது துடிக்காமல் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே தைத்தார்கள். இந்தக் கடைசி முறை எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பது பின்னர் அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அறைகளில் இரத்தமின்றி வெறுமனே துடிக்கும் இதயம் உடல் வெப்பநிலையில் நிமிடத்துக்கு 100 கிராமுக்கு 5.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கேட்கும்போது, நடுங்கும் இதயம் 6.5 மில்லிலிட்டர் கேட்கிறது. கண்ணுக்கு ஓய்வுபோலத் தெரிந்த நிலை உண்மையில் கூடுதல் உழைப்பாக இருந்தது. முழுமையாக நிறுத்தப்பட்ட இதயத்துக்கோ அதே வெப்பநிலையில் 1.1 மில்லிலிட்டரே போதும். 22 பாகை செல்சியஸுக்குக் குளிர்வித்தால் அது 0.3 ஆகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஜெரால்ட் பக்பெர்க் குழுவினர் 1970-களில் தந்த இந்த எண்கள், இத்துறையில் வேறெந்த எண்களையும்விட அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவை. அதற்கு அவை முற்றும் தகுதியானவை. வேலை செய்யும் இதயத்தின் தேவையில் பெரும்பகுதியைக் குறைப்பது நிறுத்தமே, குளிர் அதன் மீது சேரும் கூடுதல் காப்பு என்பதை இவ்வளவு தெளிவாக வேறெதுவும் காட்டவில்லை.

1960-களின் பிற்பகுதியில், அறுவைக்குப்பின் இறந்தவர்களின் இதயங்களைச் சோதித்த நோயியல் வல்லுநர்கள், கரோனரி நாளங்களில் அடைப்பே இல்லாதவர்களிடமும் இடது கீழறையின் உட்புற அடுக்கு முழுவதும் செத்திருப்பதைக் கண்டார்கள். 1972-இல் ஹூஸ்டனின் டென்டன் கூலியும் அவருடன் இருந்தோரும், கிளாம்பை எடுத்தபின் கல்லைப்போல இறுகி, இரத்தம் நிரம்பவே இடம் கொடாத இதயங்களைப் பற்றி எழுதினார்கள். கல் இதயம் என்று அவர்கள் இட்ட பெயர் இன்றும் வழக்கில் உண்டு. அதுவரை நோயாளியின் பழைய நோய்மீது சுமத்தப்பட்டுவந்த மரணங்கள் பலவற்றுக்கு அறுவையின்போது தசை பட்ட பாடே காரணம் என்பதை ஒப்புக்கொள்ள இந்தக் கட்டுரை வற்புறுத்தியது. தம் கையில் நேர்ந்த இழப்பை மறைக்காமல் அச்சில் ஏற்றிய அந்த நேர்மைக்கு இத்துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

பொட்டாசியத்தைக் கைவிட்ட காலத்திலும் ஜெர்மனியில் வேறொரு சிந்தனை வளர்ந்துகொண்டிருந்தது. பிரெட்ஷ்னைடர் 1960-களின் நடுப்பகுதியில், சோடியம் மிகக் குறைவாகவும் கால்சியம் அநேகமாக இல்லாமலும் அமைந்த கரைசலைக் கொண்டு இதயத்தை நிறுத்தலாம் என்று காட்டினார். தசைச் செல்லில் மின்தூண்டல் எழுவதற்குச் சோடியம் உள்ளே பாய வேண்டும். வெளியே சோடியமே இல்லையென்றால் தூண்டல் எழாது. அவரது பிற்கால வடிவம், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பெருமளவில் சேர்த்து, தேங்கும் அமிலத்தை அது தாங்கிக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டது. இன்று கஸ்டோடியால் என்ற பெயரில் விற்கப்படும் இந்தக் கரைசல், ஒரே முறை நிறையச் செலுத்தினால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இதயத்தைக் காப்பதால், சிக்கலான பெருந்தமனி அறுவைகளிலும் கொடையாளியின் இதயத்தைக் கொண்டுசெல்வதிலும் விரும்பப்படுகிறது. ஆனால் அது உடலில் கலக்கும்போது இரத்தத்தின் சோடியம் சட்டென்று தாழ்வதைக் கவனித்தாக வேண்டும்.

பொட்டாசியத்தின் மறுவரவு 1973-இல் நிகழ்ந்தது. கேயும் எபர்ட்டும் மிகக் குறைந்த செறிவில் பொட்டாசியத்தைச் செலுத்தி, நாய்களின் இதயங்களை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, செயல் குறையாமல் மீட்டார்கள். அதே காலத்தில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் உயிர்வேதியியலாளர் டேவிட் ஹெர்ஸ், எலிகளின் தனித்த இதயங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அயனியையும் ஏற்றியும் இறக்கியும் எந்த அளவில் மீட்சி மிகுதி என்று பொறுமையாகத் தேடினார். அவர் வகுத்த கரைசலை அங்கேயே பிரெய்ம்பிரிட்ஜ் 1975-இல் நோயாளிகளிடம் பயன்படுத்தத் தொடங்கினார். பின்னர் திருத்தப்பட்ட அதன் இரண்டாம் வடிவில் லிட்டருக்குப் பொட்டாசியம் 16 மில்லிமோல், மக்னீசியம் 16 மில்லிமோல், கால்சியம் 1.2 மில்லிமோல் இருந்தன. மனித இரத்தத்தில் பொட்டாசியம் இயல்பாக 3.5 முதல் 5 மில்லிமோல் இருப்பதோடு ஒப்பிட்டால், மூன்று நான்கு மடங்கு உயர்வே போதுமானதாக இருந்தது என்பது விளங்கும்.

இந்த அளவு ஏன் பொருந்துகிறது என்பதை விளக்கினால்தான் மெல்ரோஸின் தோல்வியும் புரியும். ஓய்வில் இதயத் தசைச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 85 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கிறது. வெளியே பொட்டாசியம் கூடக்கூட இந்த வேறுபாடு குறைகிறது; 15 முதல் 20 மில்லிமோல் அளவில் அது 50, 60 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கும்போது, சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் மூடிய நிலையிலேயே பூட்டிக்கொள்கின்றன; தூண்டல் எழாமல் இதயம் விரிந்த நிலையில் நின்றுவிடுகிறது. அதற்கு மேலும் பொட்டாசியத்தைக் கூட்டினால் வேறுபாடு இன்னும் குறைந்து, இப்போது கால்சியத்தின் வாயில்கள் திறக்கத் தொடங்குகின்றன. காக்க வந்த உப்பே தசையை இறுகச்செய்யும் கால்சியத்தை உள்ளே அழைத்துவருகிறது. கால்சியத்தை முற்றிலும் நீக்கிவிடலாமே என்றால் அதுவும் ஆபத்து: கால்சியமில்லாக் கரைசலில் சில நிமிடங்கள் இருந்த இதயத்துக்கு மீண்டும் கால்சியம் கொடுத்தால் செல்கள் ஒட்டுமொத்தமாக வெடித்துச் சிதைகின்றன என்பதை 1966-இல் சிமர்மனும் ஹூல்ஸ்மனும் காட்டியிருந்தார்கள். ஆகவே சிறிதளவு கால்சியமும், அதன் நுழைவைத் தடுக்கும் மக்னீசியமும் சேர்ந்தே ஹெர்ஸின் கரைசலில் இடம்பெற்றன.

அடுத்த பெரிய மாற்றம், உப்புக் கரைசலை எதில் கலப்பது என்பதைப் பற்றியது. நோயாளியின் சொந்த இரத்தத்திலேயே பொட்டாசியத்தைக் கலந்து செலுத்தலாம் என்ற எண்ணத்தை பக்பெர்க் குழுவினர் 1970-களின் பிற்பகுதியில் முறைப்படுத்தினார்கள். நான்கு பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு கரைசல் என்பது வழக்கமான விகிதமாயிற்று. இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. அமிலத்தைத் தாங்கும் புரதங்கள் அதில் இயற்கையாகவே உள்ளன. சிதைப்பு மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளும் உள்ளன. எனவே ஒவ்வொரு முறை செலுத்தும்போதும் இதயம் நிற்பதோடு சிறிது உணவும் பெறுகிறது. குளிர்ந்த இரத்தக் கரைசலை 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் கொடுப்பது இன்று உலகின் பல அறுவை அரங்குகளில் நடைமுறை. இடையில் கரோனரி நாளங்களோடு தொடர்புடைய சிறு நாளங்கள் வழியாக வந்துசேரும் உடலின் இரத்தம் பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவதே இந்த மறுதவணைக்கு ஒரு முக்கியக் காரணம். நின்ற இதயத்தில் மீண்டும் மின்னசைவு தோன்றினால், தவணை தாமதமாகிவிட்டது என்பதே பொருள்.

குளிரே தேவைதானா என்ற கேள்வியை 1990-களின் தொடக்கத்தில் டொரண்டோ மருத்துவர்கள் எழுப்பினார்கள். லிக்டென்ஸ்டைனும் சலெர்னோவும் உடல் வெப்பநிலையிலேயே பொட்டாசியம் கலந்த இரத்தத்தை இடைவிடாமல் செலுத்தி இதயத்தை நிறுத்திவைத்தார்கள். ஆக்சிஜன் தொடர்ந்து கிடைத்தால் பற்றாக்குறையே எழாது என்பது அவர்களது வாதம். 1732 பைபாஸ் நோயாளிகளிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், சூடான முறையைப் பெற்றோரிடம் அறுவைக்குப்பின் இதயம் சோர்ந்துபோகும் நிலை குறைவாக இருந்தது. இறப்பில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அதே ஆண்டு அட்லாண்டாவிலிருந்து வந்த இன்னோர் ஒப்பீடு, உடல் முழுவதையும் சூடாகவே வைத்தவர்களிடம் மூளைப் பாதிப்புகள் மிகுந்ததைக் காட்டியது. மேலும் இடைவிடாமல் இரத்தம் பாய்ந்தால் தைக்கும் இடம் தெரியாது. தெரிவதற்காக ஓட்டத்தை நிறுத்தினால், குளிரின் காப்பில்லாத தசை விரைவில் வாடிவிடும். சூடான முறை நல்ல கருத்து. ஆனால் சிறு தவறையும் அது மன்னிக்காது. பல மருத்துவர்கள் இறுதியில் ஒரு சமரசத்தைத் தேர்ந்தார்கள்: நடுவில் குளிர்ந்த இரத்தம், கிளாம்பை எடுக்குமுன் ஒரு தவணை சூடான இரத்தம்.

கரைசல் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது தசையைச் சென்றடையாவிட்டால் பயனில்லை என்பதால், செலுத்தும் வழியும் கரைசலுக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. வழக்கமான வழி, கிளாம்புக்குக் கீழே பெருந்தமனியின் அடிப்பகுதியில் சிறு குழாயைச் செருகிச் செலுத்துவது. கரோனரி தமனி முழுவதும் அடைத்திருந்தால் அதற்கு அப்பாலுள்ள தசைக்கு இது எட்டாது. பெருந்தமனி வால்வு கசிந்தால் கரைசல் கரோனரிக்குள் போகாமல் இடது கீழறைக்குள் வழிந்து, அதைப் பலூன்போல ஊதவைத்துவிடும். அப்படி ஊதிய அறையின் சுவருக்குள் கரைசல் நுழைவதே கடினம். இந்நிலையில் கரோனரி சைனஸ் என்ற பெருஞ்சிரை வழியாகப் பின்னோக்கிச் செலுத்தும் முறை கைகொடுக்கிறது. லில்லிஹை 1956-லேயே பெருந்தமனி வால்வு அறுவையில் இதைக் கையாண்டிருந்தார், பாரிஸின் மெனாஷே முதலியோர் 1980-களில் இதை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் வலது கீழறையின் சிரைகளுள் பல கரோனரி சைனஸில் சேராமல் நேரே அறைக்குள் திறப்பதால், பின்னோக்கிய வழி வலப்புறத்தை ஓரளவே காக்கிறது. சிரை மெல்லியது என்பதால் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இரு வழிகளையும் இணைத்துப் பயன்படுத்துவதே அனுபவமுள்ளோர் பலரின் வழக்கம்.

குழந்தைகளின் இதயத்துக்காகப் பிட்ஸ்பர்கில் 1990-களின் தொடக்கத்தில் பெட்ரோ டெல் நிடோ குழுவினர் வகுத்த கரைசல், கடந்த சில ஆண்டுகளில் பெரியவர்களிடமும் வேகமாகப் பரவியிருக்கிறது. முதிராத தசை கால்சிய மிகுதியைத் தாங்காது என்பதால், பொட்டாசியத்தோடு லிடோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தையும், மக்னீசியம், மன்னிட்டால், சோடியம் பைகார்பனேட் ஆகியவற்றையும் சேர்த்து, நான்கு பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு இரத்தம் என்ற தலைகீழ் விகிதத்தில் அது அமைந்தது. லிடோகெய்ன் சோடிய வாயில்களை அடைப்பதால், பொட்டாசியம் கழுவப்பட்டபின்னும் நிறுத்தம் நீடிக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டர், பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு லிட்டருக்கு மிகாமல், ஒரே தவணை. அதைக் கொண்டு ஏறத்தாழ 90 நிமிடம் வேலை செய்யலாம். தையலை இடையில் நிறுத்தத் தேவையில்லை என்ற வசதிதான் அதன் பெரும் கவர்ச்சி. இந்திய மருத்துவமனைகள் பலவும் இதே காரணத்தால் இதற்கு மாறியுள்ளன. வசதிக்காக ஏற்கப்பட்ட முறையின் எல்லை எங்கே என்பதை, 90 நிமிடத்தைத் தாண்டும் அறுவைகளிலும் தடித்த சுவருள்ள இதயங்களிலும் இன்னும் கவனமாக அளக்க வேண்டியிருக்கிறது.

கரைசலுக்கு வெளியே மருந்தால் தசையைக் காக்கும் முயற்சிகள் ஏமாற்றத்தையே அதிகம் தந்தன. 1986-இல் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர், நாய்களின் கரோனரி தமனியை நான்கு முறை ஐந்தைந்து நிமிடம் அடைத்துத் திறந்தபின் 40 நிமிட அடைப்புக்கு உட்படுத்தினால், செத்துப்போகும் தசை கால்பங்காகக் குறைகிறது என்று கண்டார்கள். சிறு பற்றாக்குறை பெரும் பற்றாக்குறைக்குத் தசையைப் பழக்குகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து, கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி ஊதித் தளர்த்தினாலே இதயம் பழகும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 2015-இல் ஒன்றாக வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இதய அறுவை நோயாளிகளிடம் அதனால் பயனில்லை என்று காட்டின. சோடியம் நுழைவைத் தடுக்கும் காரிப்போரைடு என்ற மருந்து பைபாஸ் நோயாளிகளிடம் இதயத் தசைச் சேதத்தைக் குறைத்தது. ஆனால் பக்கவாதமும் இறப்பும் கூடியதால் கைவிடப்பட்டது. தசைக்கு நன்மை செய்வது நோயாளிக்கு நன்மை செய்யாமற்போகலாம் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இல்லை.

அரங்கில் இந்த வேலையின் பெரும்பகுதி பெர்ஃபியூஷனிஸ்ட் எனப்படும் தொழில்நுட்ப வல்லுநரின் பொறுப்பில் நடக்கிறது. இதய–நுரையீரல் இயந்திரத்தை இயக்குவதோடு, கரைசலைக் கலப்பதும், அதன் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பார்ப்பதும், கடைசித் தவணைக்குப்பின் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று அறுவை மருத்துவருக்கு அறிவிப்பதும் அவருடைய கடமைகள். தையலில் ஆழ்ந்திருக்கும் மருத்துவருக்குக் காலம் விரைவாக ஓடும். தவணை நேரத்தைச் சொல்லி வேலையை நிறுத்தச் செய்யும் துணிவு பெர்ஃபியூஷனிஸ்டுக்கும், அதைக் கேட்டு நிறுத்தும் பணிவு மருத்துவருக்கும் இருக்க வேண்டும். தமிழில் இதய அறுவை பற்றி எழுதப்படுபவற்றில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூடக் காணப்படுவது அரிது என்பது நியாயமற்றது.

கிளாம்பை எடுத்தபின்னும் பாதுகாப்பு தொடர்கிறது. அறைகளில் சிக்கிய காற்று கரோனரிக்குள் போனால் புதிய அடைப்பாகிவிடும் என்பதால் அதை முழுவதும் வெளியேற்ற வேண்டும். உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோ கருவி இதற்கு உதவுகிறது. இரத்தத்தை உடனே முழு அழுத்தத்தில் விடாமல் மிதமாகத் தொடங்க வேண்டும். சில நிமிடங்கள் இதயத்தைக் காலியாகவே துடிக்கவிட்டு, இயந்திரமே உடலின் சுமையைத் தாங்கும்படி வைத்திருந்தால், தசை தன் ஏடிபி இருப்பை ஓரளவு மீட்டுக்கொள்கிறது. இந்த நிமிடங்களைக் குறைக்க அவசரப்படுவது, முந்தைய ஒரு மணி நேரக் கவனத்தை வீணாக்குவதாகும்.

எந்தக் கரைசல் சிறந்தது என்ற கேள்விக்கு நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளுக்குப் பிறகும் ஒருமித்த விடை இல்லை. மருத்துவமனைக்கு மருத்துவமனை, ஒரே மருத்துவமனைக்குள் மருத்துவருக்கு மருத்துவர், முறை மாறுகிறது. இரத்தமா வெறும் கரைசலா, ஒரு தவணையா பல தவணையா என்று ஒப்பிட்ட ஆய்வுகளில், இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற தசைப் புரதத்தின் அளவில் சிறு வேறுபாடு தெரிந்தாலும், இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரிவதில்லை. இதிலிருந்து எல்லாக் கரைசல்களும் சமம் என்று முடிவு கட்டுவது அவசரமாகும். அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டோருள் பெரும்பாலோர் நல்ல தசையும் குறுகிய கிளாம்ப் நேரமும் உடையவர்கள். அவர்களை எந்த முறையும் காக்கும். முறைகளுக்கிடையிலான வேறுபாடு வெளிப்பட வேண்டிய இடம், இடது கீழறை ஏற்கெனவே பலவீனமானவர்கள், சுவர் மிகத் தடித்தவர்கள், இரண்டு மூன்று வால்வுகளை ஒரே அறுவையில் மாற்ற வேண்டியவர்கள், பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் ஆகியோரே. ஆய்வுகளின் சேர்க்கை விதிகள் பெரும்பாலும் இவர்களையே விலக்கிவைக்கின்றன. அடுத்த ஒப்பீடுகள் இவர்களைத் தேடிச் சேர்த்து, கிளாம்ப் நேரத்தையும் தவணை இடைவெளியையும் வலது கீழறையின் நிலையையும் தனித்தனியே பதிவுசெய்தால்தான், கரைசல்களின் உண்மையான தர வேறுபாடு தெரியவரும்.